நாலு மணிப் புறப்பாடு

ஏரல் செந்தூர்பாண்டி கொழும்புக்குக் கப்பலேறுவது அது ஒன்பதாவது தடவை. முந்தின எட்டுத் தடவையும் கப்பல் பிந்தித்தான் புறப்பட்டது. ஒரு தடவை மூணு மணி நேரம், இன்னொரு தடவை ஒரு பகல் முழுக்க. யாரும் பெரிதாகக் குறைபட்டுக்கொண்டதில்லை. தூத்துக்குடிக் கடலுக்கு ஆழம் போதாது. கப்பல் கரைக்கு வராமல் ஆறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களை லாஞ்சுப் படகில் கொண்டுபோய் அங்கே ஏற்றவேண்டும். காற்று, அலை, லாஞ்சு, கப்பல் என்று நாலும் ஒத்துப்போனால்தான் காரியம் நடக்கும். கல்யாண வீட்டிலேயே நாலு பேர் ஒத்துப்போவது கஷ்டம்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் துறைமுகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான், இனியும் கப்பல் பிந்தினால் யார் தலையில் போடுவது? ஆகவே நேரப்பாலனப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு ஒரு கட்டடம், ஒன்பது குமாஸ்தா, சுவருக்கு ஒன்றாக நாலு கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலே செல்வதுரை, பி.ஏ. என்று ஓர் அதிகாரி.

செல்வதுரை முதல் காரியமாகத் தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப் புறப்பட்டார். அதற்கென்று ஒரு படிவம் அச்சடித்தார். காரணம் என்ற இடத்தில் மூன்றே கட்டங்கள்: பயணி, பயணியின் மூட்டை, பயணியின் உறவினர். மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது, தாமதம் அத்தனைக்கும் பயணிகளே காரணம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிவிட்டது. கொதிகலன் வெடித்து ஒரு கப்பல் இரண்டு நாள் நின்றதே, அதுகூட 'பயணியின் மூட்டை'யில்தான் விழுந்திருந்தது.

இதெல்லாம் செந்தூர்பாண்டிக்குத் தெரியாது. அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஏரலுக்கு வந்திருந்தவன். பதினாலு வயதில் கொழும்புக்குப் போய், எடுபிடியாக நின்று, பதினெட்டு வருஷத்தில் கொட்டாஞ்சேனையில் சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை போட்டிருந்தான். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் பெண்டாட்டி பகவதி. அவளுக்கு ஒன்பதாம் மாசம் நடந்துகொண்டிருந்தது.

கொழும்பு சர்க்கார் அந்த வருஷம் புதுச் சட்டம் போட்டிருந்தது. ஊருக்குப் போகிறவன் திரும்பிவர ஒரு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். செந்தூர்பாண்டியின் சீட்டில் கெடு சனிக்கிழமை நள்ளிரவு. அதற்குள் அக்கரை மண்ணை மிதிக்காவிட்டால் சீட்டு செத்தது. பதினெட்டு வருஷம் அங்கே இருந்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடும்.

கப்பல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. சனிக்கிழமை விடியக் கொழும்பு. ஒரு பகல் முழுக்கக் கையிருப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக வந்து சேர்ந்தான்.

பயணிகள் காலை எட்டு மணிக்கே ஆஜராகவேண்டும் என்று புது விதி. வந்து பார்த்தால் கொட்டகையில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கச் சராசரி பதினொரு விநாடி வீணாகிறது என்று கணக்கெடுத்து, பெஞ்சுகளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார்கள். எழுபத்திரண்டு பேர் நின்றார்கள். பத்து மணிக்கு லாஞ்சில் ஏறும் ஒத்திகை. மணி அடித்ததும் ஏறவேண்டும், அடுத்த மணிக்கு இறங்கவேண்டும். நாலு தடவை ஏறி இறங்கியதில் ஒரு கிழவருக்கு முட்டி பிசகியது. அவர் பெயரைச் 'சாத்தியமுள்ள தாமதம்' என்று தனித்தாளில் எழுதிக்கொண்டார்கள்.

கொட்டகைத் தூணில் ஒரு அறிவிப்பு: 'வழியனுப்ப வந்தோர் அழுவதற்கான நேரம் 2.30 முதல் 2.45 வரை.'

செந்தூர்பாண்டிக்குப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையூரணி வடிவம்மாள் அதை ஒருவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஐம்பத்தைந்து வயசு. கொழும்பில் இருக்கும் மகனைப் பார்க்கக் கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்தவள். அவளிடம் நாலு மாசத்துக்கு ஒரு தங்கல் சீட்டு இருந்ததால் நாள் நெருக்கடி ஒன்றும் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது.

"ஏன் ஐயா," என்று குமாஸ்தாவைக் கூப்பிட்டாள். "எம் மவளுக்கு மூணு மணிக்கு மேலதான் அழுகை வரும். அவ ராசி அப்படி. என்ன செய்ய?"

"ரெண்டே முக்காலுக்கு மேல அழுதா வெளியேத்திருவோம்மா."

"வெளியேத்துங்க. அவ வெளிய நின்னு அழட்டும். உங்க ஆபீசப் பாத்தே அழுவா."

மூன்றரை மணி ஆயிற்று. செந்தூர்பாண்டி கடலைப் பார்த்தான். தொடுவானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கப்பல் இல்லை, கப்பலின் புகையும் இல்லை. வரிசையை விட்டு விலகி, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த செல்வதுரையிடம் போனான்.

"ஐயா, கப்பல் இன்னும் கொழும்புலேருந்தே வரலியே?"

"அது வருகைப் பிரிவு. நான் புறப்பாடு."

"வராத கப்பல் எப்படி ஐயா புறப்படும்?"

செல்வதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு மாதத்தில் இப்படி ஒரு கேள்வி அவர் காதில் விழுந்ததில்லை. "கப்பல் புறப்படுமென்று உமக்கு யார் சொன்னது? டிக்கெட்டை நன்றாகப் படித்துப் பாரும். புறப்பாடு நாலு மணி என்று போட்டிருக்கிறது. கப்பல் புறப்பாடு என்று போட்டிருக்கிறதா? லாஞ்சின் கயிறு படகுத்துறைப் பாலத்தை விட்டு அவிழ்கிற விநாடிதான் புறப்பாடு. சட்டப்படி விளக்கம் கொடுத்து மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. வரிசைக்குப் போம்."

அன்று மெட்ராஸிலிருந்து மேற்பார்வைக் குழு வந்திருந்தது. மூன்று பேர், மூன்று தொப்பி. வருஷத்தில் சிறந்த துறைமுகத்துக்குக் கொடுக்கும் நேரப்பாலனக் கேடயத்துக்கு ஊர் ஊராய்ப் பார்த்து வருகிறவர்கள். தலைவர் வடக்கத்தியார். அவருக்குத் தமிழ் தெரியாது. பாலத்தில் நாற்காலி போட்டு, பந்தல் போட்டு, இளநீர் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். பயணிகளுக்கு எடுத்த பெஞ்சுகள் அந்தப் பந்தலில் வரிசையாகக் கிடந்தன.

மூன்று ஐம்பத்தைந்துக்கு எழுபத்திரண்டு பேரும் லாஞ்சில் அடைபட்டார்கள். அனுமதிச் சீட்டுகளில் 'இந்தியா நீங்கினார், 4.00' என்று முன்கூட்டியே முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். பேண்டு வாசித்தது. சரியாக நாலு மணிக்குக் கயிறு அவிழ்ந்தது. தொப்பிகள் மூன்றும் கைதட்டின. தலைவர் எழுந்து பாலத்து விளிம்புக்கு வந்து, கண்ணில் முதலில் பட்ட செந்தூர்பாண்டியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"நேரத்துக்குப் புறப்படுவது எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்," என்றார் செல்வதுரை.

"கப்பல் இல்லாத கடல்ல எங்கள எங்கய்யா அனுப்புதிய?" என்று செந்தூர்பாண்டி கத்தினான்.

செல்வதுரை தலைவரிடம் பணிவாகத் திரும்பினார். "நன்றி சொல்கிறார் சார். அவர் கண்கலங்கிவிட்டார்."

அரை மைல் போனதும் லாஞ்சின் சிராங்கு கஸ்பார் எஞ்சினை நிறுத்திவிட்டான். துறைமுகத்தில் இருபது வருஷம் லாஞ்சு ஓட்டுகிறவன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தான். மேற்கே சாயும் வெயில் முதுகைச் சுட்டது. நின்ற லாஞ்சு ஓடுகிற லாஞ்சைவிட மோசமாய் ஆடும். கால்மணி நேரத்துக்குள் ஒருவர் வாந்தியெடுக்க, அதைப் பார்த்து இன்னொருவர் எடுக்க, லாஞ்சு முழுக்க அது பரவிற்று.

"அண்ணாச்சி, கப்பல் எப்ப வரும்?"

"நாளைக்கு விடியக்காலம்னு மத்தியானமே தந்தி வந்தாச்சு."

"மத்தியானமே தெரியுமா? அப்ப எங்கள எதுக்கு ஏத்துனான்?"

"நாலு மணிக்குப் புறப்படணும்லா," என்றான் கஸ்பார், அதில் சந்தேகத்துக்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

"சரி, கரைக்கு விடும். விடியக்காலம் வந்து ஏறிக்கிடுதோம்."

"விடலாம். விட்டா என் வேலை போயிரும். ஆறு மணிக்கு முன்னால பாலத்த தொடப்புடாதுன்னு எழுதி வாங்கியிருக்கான். சரியா ஆறு மணிக்கு வரணும்னும் எழுதி வாங்கியிருக்கான்."

"ஆறு மணிக்கு என்ன?"

"அது எனக்குத் தெரியாது. இதுக்கு முன்னால மூணு தடவ, கப்பல் வராத அன்னைக்கெல்லாம் ஆள ராத்திரி எழுத்துல இல்லாம எறக்கிவிட்டு விடிய ஏத்திருவோம். இந்த ஆறு மணி புதுசு."

வடிவம்மாள் கருப்பட்டியை உடைத்து ஆளுக்குக் கொஞ்சமாய்க் கொடுத்துக்கொண்டே வந்தாள். செந்தூர்பாண்டி வாங்கவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். விடியக் கப்பல் வந்து ஏழு மணிக்குக் கிளம்பினாலும் ராத்திரி ஏழு, எட்டுக்குக் கொழும்பு. கெடுவுக்கு நாலு மணி நேரம் மிச்சம். போதும். தாராளமாய்ப் போதும்.

ஆறு மணிக்கு லாஞ்சு பாலத்தைத் தொட்டது. மறுபடியும் பேண்டு வாசித்தது! பந்தலில் தொப்பிகள் மூன்றும் மறுபடி கைதட்டின. பாலத்தின் மறுகோடியில் 'வருகைப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே இன்னொரு மேசை, இன்னொரு அதிகாரி, மூக்கில் துணி கட்டிய ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர்.

"எங்கேயிருந்து வருகிறீர்?" என்றார் வருகை அதிகாரி.

செந்தூர்பாண்டி கையை நீட்டினான். "அன்னா, அங்கனயிருந்து."

"கடலைக் காட்டாதேயும். ஊர் பேரைச் சொல்லும்."

"ஊரா? ஏரல்."

"ஏரலிலிருந்து கடல் வழியாக யாரும் வருவதில்லை." அதிகாரி பேரேட்டைத் திருப்பினார். "மாலை ஆறு மணிக்கு லாஞ்சில் வரவேண்டியது கொழும்புக் கப்பலிலிருந்து இறங்கும் பயணிகள். சரியாக ஆறு மணிக்கு வந்திருக்கிறீர்கள். கொழும்பு என்று எழுதுகிறேன்."

"ஐயா, நாங்க இன்னும் கொழும்புக்கே போகல. எங்கள நாலு மணிக்குத்தான் இதே பாலத்துலேருந்து ஏத்திவிட்டிய."

"அது புறப்பாட்டுப் பிரிவு. அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

சுகாதார இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். கொழும்பில் அந்த வாரம் அம்மை கண்டிருந்தது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் யாராயிருந்தாலும் ஐந்து நாள் தனிக்கொட்டகையில் இருக்கவேண்டும்.

வடிவம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏய்யா டாக்டரு, அரை மைலு போயி வாந்தியெடுத்திட்டு வந்தவளுக்குக் கொழும்பு அம்மை எப்படி வரும்? மீனு கொண்டாந்து குடுத்துச்சா?"

"அதைத்தான் ஐந்து நாள் வைத்துப் பார்க்கப்போகிறோம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பந்தலிலிருந்த தலைவர் தம் நோட்டில் எழுதினார்: புறப்பாடு குறித்த நேரத்தில், வருகை குறித்த நேரத்தில், சுகாதார ஏற்பாடு உடனுக்குடன்.

தனிக்கொட்டகை கடலோரத்தில் முள்கம்பி வேலிக்குள் இருந்தது. சனிக்கிழமை விடியும்போது செந்தூர்பாண்டி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிழக்கே புகை தெரிந்தது. பிறகு புகைக்கூண்டு. பிறகு முழுக் கப்பலும் வந்து ஆறு மைலில் நங்கூரம் போட்டது. கண்ணுக்கெதிரே நின்றது. கஸ்பாரின் லாஞ்சு பாலத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

அவன் போட்ட சத்தத்தில் காவல்காரன் போய்ச் செல்வதுரையையே கூட்டி வந்துவிட்டான். செல்வதுரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வேலிக்கு நாலடி தள்ளி நின்றார்.

"ஐயா, உம்ம கால்ல விழுதேன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள நான் அங்க மிதிக்கணும். என் பெண்டாட்டிக்கு இது ஒன்பதாம் மாசம். சீட்டு இன்னைக்கோட முடியுது. அன்னா கப்பல், இன்னா லாஞ்சு. என்னை ஒருத்தனையாவது ஏத்திவிடும்."

"எதில் ஏற்றுவது? நேற்று நாலு மணிக் கப்பலில் நீர் போய்விட்டீர். இப்போது நிற்பது அதே நாலு மணிக் கப்பல். ஒரே கப்பலில் இரண்டு தடவை ஒரு ஆளை ஏற்ற முடியுமா? ஏற்றினால் முதல் தடவை ஏற்றியது பொய்யென்று ஆகாதா?"

"பொய்தான ஐயா!"

செல்வதுரைக்கு முகம் சுண்டியது. கைக்குட்டையை எடுத்துவிட்டே பேசினார். "பாரும், நான் இந்தப் பொறுப்பை ஏற்கும்போது இந்தத் துறைமுகத்தைக் கண்டு மெட்ராஸில் சிரித்தார்கள். இன்று ஆறு மாதமாக ஒரு கப்பல்கூட இங்கே பிந்தவில்லை. இதில் மூன்று கப்பல் குறித்த நாளில் வரவே இல்லை, அவைகூடப் பிந்தவில்லை. எப்படிச் சாதித்தேன்? கப்பலை நம்பினால் நேரம் கெடுகிறது. காற்றை நம்பினால் கெடுகிறது. பயணியை நம்பினால் சுத்தமாகக் கெட்டுவிடுகிறது. ஆகையால் இவை மூன்றிடமிருந்தும் புறப்பாட்டை விடுதலை செய்துவிட்டேன். இது சாதாரணக் காரியமா? உம்முடைய ஒரு சீட்டுக்காக, ஒரு பிரசவத்துக்காக, இதைக் கலைக்கச் சொல்கிறீரே, உமக்குத் தேசப்பற்று இருக்கிறதா?"

செந்தூர்பாண்டி ஜன்மத்தில் ஒரு உத்தியோகஸ்தரை மரியாதை குறைத்துப் பேசினவன் இல்லை.

"ஏலே," என்றான். கம்பியைப் பிடித்த கையில் முள் ஏறியிருந்தது, அவன் கவனிக்கவில்லை. "ஏலே செல்வதுரை. ஆள ஏத்துததுக்குத்தானலே கப்பலு? கப்பலுக்குத்தானலே நேரம்? ஆளையும் விட்டுட்டு, கப்பலையும் விட்டுட்டு, எவனுக்குலே நாலு மணி அடிக்க? உங்க அப்பனுக்கா?"

செல்வதுரை காவல்காரனிடம் திரும்பி, "காய்ச்சல் பிதற்றல் என்று குறித்துக்கொள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு மணிக்குக் கப்பல் நங்கூரத்தைத் தூக்கியது. வெங்காயமும் கருவாடும் தோணிகளில் போய் ஏறியிருந்தன. பயணிகள் ஒருவரும் இல்லை. பயணிகள் இல்லாததால் தாமதத்துக்கு எந்தக் காரணமும் இல்லை என்று பேரேடு முடிக்கப்பட்டது. புகை மறையும்வரை அவன் கம்பியை விடவில்லை. வடிவம்மாள் வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து எடுத்தாள்.

திங்கட்கிழமை பகவதியின் தந்தி ஏரலுக்கு வந்து, அங்கிருந்து மறுநாள் அவன் தங்கச்சி மாப்பிள்ளை கையில் கொட்டகைக்கு வந்தது. 'எழுபத்திரண்டு பேர் புறப்பட்டதாக இங்கே சொல்கிறார்கள். கப்பலில் யாரும் இல்லை. எங்கே?' துறைமுகத்துக்கும் அவள் ஒரு தந்தி அடித்திருந்தாள். அதற்குப் பதில் போயாகிவிட்டது என்று மாப்பிள்ளை துறைமுகத்தில் வாங்கிய நகலைக் காட்டினான். செல்வதுரையின் கையெழுத்தோடு தெளிவாக இருந்தது: 'தங்கள் கணவர் குறித்த நேரத்தில் புறப்பட்டார். அதற்குமேல் தகவல் இல்லை.'

செந்தூர்பாண்டி அதை இரண்டு தடவை படித்தான். நிறைமாசக்காரி ஒருத்தி, கப்பல் வந்தும் புருஷன் வராமல், இதைக் கையில் வைத்துக்கொண்டு எதை நினைப்பாள்? நடுக்கடலைத்தான் நினைப்பாள்.

"உடனே நான் இங்கன இருக்கேன்னு தந்தி அடி மாப்ள."

"அடிச்சாச்சு அத்தான். நம்ம தந்திக்குப் பதிலும் வந்தாச்சு." மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா நம்ப மாட்டேங்காவ. சர்க்கார் தந்தி ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்லுதிய, என்னைச் சமாதானப்படுத்தப் பாக்கியளான்னு கேட்டிருக்காவ."

புதன்கிழமை மாலை சரியாக ஆறு மணிக்குக் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் பிந்தவில்லை. கேடயம் தூத்துக்குடிக்கே என்று அன்று தந்தி வந்திருந்ததால் வெளியே வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் பூந்தி கொடுத்தார்கள். செந்தூர்பாண்டி பூந்தியை வாசலில் நின்ற நாய்க்குப் போட்டுவிட்டு, மறுநாள் காலை கொழும்புச் சீட்டு கொடுக்கும் ஆபீசுக்குப் போனான். கெடு முடிந்த சீட்டுக்கு மறுசீட்டு கிடையாது, புதுசாய் மனுப் போட்டால் எட்டு மாசம் ஆகும் என்றார்கள். தாமதத்துக்குத் துறைமுகமே காரணம் என்று எழுதி வாங்கி வந்தால் யோசிக்கலாமாம். துறைமுகத்தில், தாமதமே நடக்கவில்லையே என்றார்கள்.

அன்றே பஸ்ஸேறிக் குலசேகரன்பட்டினம் போனான். அங்கே காயல்பட்டினத்து முத்துவாப்பாவின் தோணி வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தது. முத்துவாப்பா சிறுவயதிலிருந்து அந்தக் கடலில் பாய்விரித்து ஓட்டுகிறவர். செந்தூர்பாண்டியின் கடைக்குச் சரக்குக் கொண்டுவந்து பழக்கம்; அவனுக்கு அவர் 'காக்கா', அண்ணன் மாதிரி. கதை முழுவதையும் கேட்டார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"தம்பி, கொழும்புத் துறைக்குள்ள உன்னக் கொண்டுபோக ஏலாது. அக்கரையில கற்பிட்டிப் பக்கம் இடுப்பளவு தண்ணியில எறக்கிவிடுதேன். பொறவு நடந்து போயிக்கோ. வழியில மறிச்சா உன் பேரு செந்தூர்பாண்டி இல்ல, விளங்குதா? கள்ளத்தோணி. அடிப்பான். உள்ள தள்ளுவான். சுட்டாலும் சுடுவான்."

"பதினெட்டு வருஷமா முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுப் போனவன் காக்கா நான்."

"நீ போனே. அவன் எழுதினான்லா நாலு மணிக்கே நீ போயிட்டேன்னு, அதான் இப்பச் செல்லும்." முத்துவாப்பா கடலைப் பார்த்தார். "பேசாம ஊர்லயே இருந்திருதியா?"

"அவ அங்க தாலிய எப்பக் கழத்தணும்னு நாள் பாத்துக்கிட்டு இருப்பா காக்கா. நான் போயி நின்னாத்தான் நம்புவா. எப்பக் கெளம்புவிய?"

"காத்து வந்தா."

"காத்து எப்ப வரும்?"

"எங்கிட்டச் சொல்லிட்டா வருது? வார நேரத்துக்கு வரும். வந்தா நாம இருக்கணும்."

செந்தூர்பாண்டி வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார்ந்தான். செத்த சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, 'இந்தியா நீங்கினார், 4.00' என்ற முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிழித்துக் கடலில் போட்டான். பெயரோ ஊரோ தெரிகிற எந்தக் காகிதமும் மேலே இருக்கக்கூடாது என்று முத்துவாப்பா சொல்லியிருந்தார்.

கிழக்கு வெளுக்கிற நேரம் கரைக்காற்று எழுந்தது. ஒருவரும் மணி அடிக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து பாயை ஏற்றினார்கள். பாய் ஒரு தடவை படபடத்துவிட்டு நிறைந்துகொண்டது.

அந்தத் தோணி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.